ரீசைக்கிள் பின்னுக்கு எத்தனை ஜிபி? 256 ஜிபி எஸ்எஸ்டியும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினியில் அளவு வைத்த விவரம்

டெலீட் செய்த ஃபைல் ரீசைக்கிள் பின்னில் பத்திரமாக இருக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தத் தொட்டிக்கு ஒவ்வொரு டிரைவிலும் ஓர் உச்ச அளவு இருக்கிறது. புதிதாக எதையாவது போட்டு அந்த அளவு தாண்டினால், விண்டோஸ் மிகப் பழைய ஃபைலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நிரந்தரமாக அழித்து இடம் பண்ணிக்கொள்ளும். அனுமதி கேட்காது, பிறகு சொல்லவும் செய்யாது. நேற்று அழித்த ஒரு பெரிய வீடியோ, போன மாதம் தவறி அழித்த பத்திர ஸ்கேனை வெளியே தள்ளிவிடுவது இப்படித்தான். "தொட்டியில் இருந்ததே, எங்கே போனது?" என்று தேடும் பெரும்பாலான சமயங்களில் காரணம் வைரஸும் இல்லை, டிஸ்க் பழுதும் இல்லை, இந்த அளவுக் கணக்குதான்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது வீடுகளில் பரவலாக இருக்கும் அமைப்பு. விண்டோஸ் 11, சி டிரைவாக 256 ஜிபி எஸ்எஸ்டி, டி டிரைவாக 1 டிபி ஹார்ட் டிஸ்க், இரண்டு பயனர் கணக்குகள். அன்றாட ஆவணங்களும் டெஸ்க்டாப்பும் சி-யில். கல்யாண வீடியோ, ஃபோனிலிருந்து இறக்கிய படங்கள் எல்லாம் டி-யில். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் படிகள் ஏறக்குறைய இவையேதான்.

விண்டோஸ் தானாக வைத்திருக்கும் அளவு

எக்ஸ்பி காலத்தில் டிரைவின் 10 சதவீதம் என்று எளிய கணக்கு இருந்தது. விஸ்டாவிலிருந்து அது மாறியது: முதல் 40 ஜிபிக்கு 10 சதவீதம், அதற்கு மேலுள்ள இடத்துக்கு 5 சதவீதம்.

256 ஜிபி என்று விற்கும் எஸ்எஸ்டி விண்டோஸில் 238 ஜிபி அளவில்தான் தெரியும். சிறு பார்ட்டிஷன்கள் போக சி-க்கு 237 ஜிபி என்று வைத்துக்கொண்டால், 40-இல் 10 சதவீதம் 4 ஜிபி, மீதி 197-இல் 5 சதவீதம் 9.85 ஜிபி, மொத்தம் 13.85 ஜிபி. 1 டிபி டிஸ்க் 931 ஜிபியாகத் தெரியும். அங்கே 4 ஜிபியும் 44.55 ஜிபியும் சேர்ந்து 48.55 ஜிபி.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த அளவு டிரைவுக்கு மட்டும் உரியதில்லை, ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி. இரண்டு கணக்குகள் இருந்தால் இரண்டு பேரின் தொட்டியும் சேர்ந்து சி-யில் 27.7 ஜிபி வரை பிடிக்கலாம். 237 ஜிபியில் அது பத்தில் ஒன்றுக்கும் மேல். ஒருவர் "எம்ப்டி ரீசைக்கிள் பின்" கொடுத்தால் அவருடையது மட்டும்தான் காலியாகும். மற்றவருடையது அப்படியே இருக்கும், இவர் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. எல்லாவற்றையும் அழித்தும் டிஸ்க் நிறைந்தே இருக்கிறது என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஒரே தொட்டியாக வைக்காமல் டிரைவுக்கு ஒன்றாக ஏன் வைத்தார்கள்? டெலீட் கொடுக்கும்போது ஃபைல் உண்மையில் நகர்வதில்லை. அதே டிரைவிலுள்ள, $ரீசைக்கிள்.பின் என்ற மறைந்த ஃபோல்டருக்குள் பெயர் மாறிப் பதிவாகிறது, அவ்வளவுதான். அதனால்தான் 30 ஜிபி வீடியோவும் கண்ணிமைக்கும் நேரத்தில் தொட்டிக்குப் போகிறது. டி-யில் அழித்ததை சி-யில் சேர்க்க வேண்டுமென்றால் 30 ஜிபியையும் காப்பி செய்தாக வேண்டும். இதே காரணத்தால் தொட்டியில் போட்டதும் டிஸ்க்கில் இடம் கிடைத்துவிடாது. தொட்டியைக் காலி செய்தால்தான் கிடைக்கும்.

மாற்றும் முன் அளந்து பார்த்தல்

தொட்டியைத் திறந்து, வியூ மெனுவில் டீட்டெய்ல்ஸ் தேர்ந்தெடுங்கள். "டேட் டெலீட்டட்" தலைப்பைச் சொடுக்கி மிகப் பழையது மேலே வரும்படி அடுக்குங்கள். "ஒரிஜினல் லொகேஷன்" நெடுவரிசையைப் பார்த்தால் எது சி, எது டி என்று தெரியும். சி-யிலிருந்து வந்தவற்றில் மிகப் பழைய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறைந்த நிலையில் இருந்தால், அந்தத் தேதிதான் உங்கள் பாதுகாப்பின் எல்லை. அதற்கு முன்பு அழித்தது எதுவும் இப்போது இல்லை.

நிறைந்த நிலையா என்று அறிய, செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் ரீசைக்கிள் பின் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று காட்டும். டி டிரைவுக்கு டிஸ்க் கிளீனப் கருவியைத் திறந்து டி-யைத் தேர்ந்தெடுத்தால் அங்கும் ரீசைக்கிள் பின் வரிசையில் அளவு தெரியும். டெஸ்க்டாப்பிலுள்ள படத்தை நம்ப வேண்டாம். உள்ளே ஒரே ஒரு நோட்பேட் ஃபைல் இருந்தாலும் நிறைந்த தொட்டியின் படம்தான் வரும்.

இப்போது ஓர் உதாரணக் கணக்கு. சி-யின் தொட்டி 13.6 ஜிபி, அதாவது ஏறக்குறைய நிறைந்துவிட்டது. மிகப் பழையது 23 நாளுக்கு முந்தையது. இதை அப்படியே வகுத்தால் நாளுக்கு 600 எம்பி அழிவதாகத் தோன்றும். ஆனால் "சைஸ்" தலைப்பைச் சொடுக்கிப் பெரியதை மேலே கொண்டுவந்தால் கதை வேறு: 5.4 ஜிபிக்கு ஒரு விண்டோஸ் ஐஎஸ்ஓ (விண்டோஸை நிறுவுவதற்கான முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலாக), 2.6 ஜிபிக்கும் 2.1 ஜிபிக்கும் இரண்டு ஸ்கிரீன் ரெக்கார்டிங். இந்த மூன்றுமே 10.1 ஜிபி. மிச்சமுள்ள நூற்றுக்கணக்கான ஆவணங்கள், படங்கள், எக்செல் ஃபைல்கள் எல்லாம் சேர்ந்தும் 3.5 ஜிபிதான், நாளுக்குச் சுமார் 155 எம்பி. யாரும் திரும்பக் கேட்கப்போகாத மூன்று ஃபைல்களுக்காகத் தொட்டியின் முக்கால் பங்கு இடம் போய்விட்டது. திரும்பக் கேட்கக்கூடியவை எல்லாம் மிச்சக் கால் பங்கில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன.

அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று யோசிக்கும் முன் இந்தப் பார்வை வந்துவிட வேண்டும். மறுபடி பதிவிறக்கக்கூடிய ஐஎஸ்ஓ, மென்பொருள் இன்ஸ்டாலர், ரெண்டர் செய்து முடித்த இடைக்கால வீடியோ போன்றவற்றை ஷிஃப்ட் + டெலீட் கொடுத்து நேரடியாக அழிப்பதே நல்லது. ஷிஃப்ட் + டெலீட் ஆபத்தானது, தொடவே கூடாது என்று சொல்லிக்கொடுப்பதுண்டு. ஆவணங்களுக்கு அது சரி. பெரிய, வேண்டாத ஃபைல்களைத் தொட்டிக்கு அனுப்புவதுதான் சிறிய ஆவணங்களுக்கு ஆபத்து.

சோதனை: எது முதலில் போகிறது

இதை நேரில் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது. ஆனால் சோதனையை சி-யிலோ டி-யிலோ செய்யக் கூடாது. அங்கே ஏற்கெனவே கிடப்பவை வெளியே தள்ளப்பட்டுவிடும். ஒரு மெய்நிகர் டிஸ்க் உருவாக்கி அதில் செய்யலாம்.

டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, ஆக்ஷன் மெனுவில் "கிரியேட் விஹெச்டி". அளவு 5 ஜிபி, டி டிரைவில் ஏதாவது ஒரு ஃபோல்டரில் சேமியுங்கள். கீழே புதிய டிஸ்க் தோன்றும். அதன் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து இனிஷியலைஸ், பிறகு காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ், எழுத்து இசட். விண்டோஸ் இதை நிலையான டிஸ்க்காக எடுத்துக்கொள்வதால் இதற்கும் ஒரு தொட்டி வரும்.

டெஸ்க்டாப்பில் ரீசைக்கிள் பின்மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ். பட்டியலில் இசட்-ஐத் தேர்ந்தெடுத்து, கஸ்டம் சைஸ் பெட்டியில் 1024 என்று போட்டு அப்ளை. பெட்டி கேட்பது எம்பி கணக்கில். 1024 என்றால் 1 ஜிபி. ஜிபி என்று நினைத்து 10 என்று போட்டுவிட்டால் தொட்டி 10 எம்பிக்குச் சுருங்கிவிடும், ஒன்றிரண்டு ஃபோன் படத்துக்கு மேல் தாங்காது. அடிக்கடி நடக்கும் பிழை இது.

இசட்-இல் சிறிய நோட்பேட் ஃபைல் ஒன்றைச் சேமித்து, டெலீட் கொடுங்கள். தொட்டியில் அது இருப்பதைப் பாருங்கள். அடுத்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் எஃப்எஸ்யுடில் (fsutil) கட்டளையின் "ஃபைல் கிரியேட்நியூ" (file createnew) மூலம் இசட்-இல் 419430400 பைட் அளவில் மூன்று ஃபைல் உருவாக்குங்கள். ஒவ்வொன்றும் 400 எம்பி. வெற்று ஃபைல்தான் என்பதால் நொடியில் வந்துவிடும். எக்ஸ்ப்ளோரரில் ஒன்றொன்றாக அழியுங்கள்.

முதல் இரண்டும் போன பிறகு தொட்டியில் நோட்பேட் ஃபைலும் 800 எம்பியும் இருக்கும். மூன்றாவதைச் சேர்த்தால் 1200 எம்பி, எல்லையோ 1024. விண்டோஸ் பழையதிலிருந்து தொடங்கும். முதலில் நோட்பேட் ஃபைல் போகும். அதன் சில பைட் போனதால் இடம் போதாது, முதல் 400 எம்பி ஃபைலும் போகும். கடைசியில் தொட்டியில் எஞ்சுவது இரண்டு 400 எம்பி ஃபைல். இடம் பிடிக்காத, யாருக்கும் தொல்லை தராத நோட்பேட் ஃபைல்தான் முதல் பலி, ஏனென்றால் விண்டோஸ் வயதைத்தான் பார்க்கிறது, அளவைப் பார்ப்பதில்லை. நடுவில் எந்தச் செய்தியும் வராது.

இசட்-இல் இன்னொரு ஃபைலை 1258291200 பைட், அதாவது 1200 எம்பி அளவில் உருவாக்கி அழித்துப் பாருங்கள். இது எல்லையைவிடப் பெரியது, தொட்டிக்குள் நுழையவே முடியாது. இப்போதுதான் ஒரு பெட்டி வரும்: நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று. யெஸ் கொடுத்தால் போனது போனதுதான். சோதனை முடிந்ததும் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த டிஸ்க்கின்மேல் ரைட் கிளிக் செய்து டிடாச் விஹெச்டி. பிறகு அந்த 5 ஜிபி ஃபைலை ஷிஃப்ட் + டெலீட்.

இங்கிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. அதே பிராப்பர்ட்டீஸ் பெட்டியின் அடியில் "டிஸ்ப்ளே டெலீட் கன்ஃபர்மேஷன் டயலாக்" என்று ஒரு தேர்வு இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் அது இயல்பாகவே அணைந்திருக்கும். பாதுகாப்பு என்று எண்ணி அதை இயக்கிவிடுபவர்கள் நிறைய. அணைந்தே இருக்கட்டும் என்பது எங்கள் பரிந்துரை. அணைந்திருக்கும்போது சாதாரண டெலீட்டுக்குப் பெட்டி வராது. அதனால் பெட்டி வந்தாலே ஏதோ நிரந்தரமாகப் போகப்போகிறது என்று பொருள். எல்லாவற்றுக்கும் பெட்டி வரும்படி வைத்தால் கை பழகிவிடும், இரண்டுக்கும் வாசகத்தில் உள்ள வித்தியாசத்தைப் படிக்காமலே யெஸ் அழுத்திவிடும்.

அளவை முடிவு செய்தல்

ஒரு டிரைவுக்கு எத்தனை ஜிபி என்பதற்கு இரண்டு எண் வேண்டும்: அந்த டிரைவில் தவறி அழிக்கக்கூடிய, அழித்தால் வருந்தக்கூடிய மிகப் பெரிய ஒற்றை ஃபைல் அல்லது ஃபோல்டர் எவ்வளவு; நாளொன்றுக்கு எவ்வளவு அழிகிறது, அது எத்தனை நாள் தங்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் தேவையான அளவு.

சி-யில் ஐஎஸ்ஓ போன்றவற்றை நேரடியாக அழிக்கும் வழக்கத்துக்கு வந்துவிட்டால் நாளுக்கு 155 எம்பி. 45 நாள் தங்க வேண்டுமென்றால் 6975 எம்பி. மிகப் பெரிய முக்கிய ஃபோல்டர் 1 ஜிபி. கூட்டினால் 8 ஜிபிக்குச் சற்றுக் கீழே. ஆகவே 8192. இயல்பு அளவான 14,180 எம்பியைவிட இது குறைவு, ஆனால் பழைய நிலையில் 23 நாள் பிடித்த தொட்டி இப்போது 45 நாள் பிடிக்கும். இரண்டு கணக்கிலும் இதையே வைத்தால் சி-யில் உச்சமாக 16 ஜிபி, முன்பிருந்த 27.7-இல் கிட்டத்தட்ட 12 ஜிபி திரும்பக் கிடைக்கிறது. சிறிய எஸ்எஸ்டியில் இந்த 12 ஜிபி முக்கியம். விண்டோஸின் பெரிய அப்டேட்டுகளுக்குச் சுமார் 20 ஜிபி காலி இடம் தேவைப்படும், இல்லையென்றால் பாதியில் நின்றுவிடும்.

டி-யில் கணக்கே வேறு. கல்யாண ஃபோல்டர் 32 ஜிபி. படங்களையும் வீடியோக்களையும் அடுக்கி அழிப்பதில் மாதம் 20 ஜிபி வரை தொட்டிக்குப் போகிறது. இரண்டு மாதம் தங்க 40 ஜிபி. மொத்தம் 72. கொஞ்சம் தாராளமாக 80 ஜிபி, பெட்டியில் 81920. இயல்பான 48.55 ஜிபியை விட்டுவைத்திருந்தால் கல்யாண ஃபோல்டரைத் தவறி அழித்தாலும் தொட்டியில் நுழைந்துவிடும். ஆனால் அதற்கு மேல் 16 ஜிபிதான் மிச்சம். அடுத்த சில நாளில் 17 ஜிபி வீடியோ அழித்தால், பழையவை எல்லாம் போன பிறகு வெளியேறுவது அந்தக் கல்யாண ஃபோல்டர்தான். ஃபோல்டர் ஒரே உருப்படி என்பதால் பாதி போய்ப் பாதி நிற்கும் என்ற ஆறுதலும் இல்லை. 931 ஜிபி டிஸ்க்கில் பாதி காலியாக இருக்கும்போது 80 ஜிபியை இதற்கு விட்டுவைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. டி-யில் அதிகம் வேலை செய்யாத இரண்டாவது கணக்குக்கு 10240 போதும்.

எண்களைப் போடும் முறை முன்பு சொன்னதுதான். டிரைவைத் தேர்ந்தெடுத்து, எண்ணை மாற்றி, அடுத்த டிரைவுக்குப் போகும் முன் அப்ளை. குறைக்கும் டிரைவில் வேண்டிய ஃபைல் ஏதாவது தொட்டியில் இருந்தால் முதலில் ரீஸ்டோர் செய்துவிடுங்கள். இரண்டாவது கணக்கின் அளவை அந்தக் கணக்கில் நுழைந்துதான் மாற்ற முடியும். அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தாலும் இந்தப் பெட்டி உங்கள் தொட்டியை மட்டுமே மாற்றும்.

கீழே "டோன்ட் மூவ் ஃபைல்ஸ் டு தி ரீசைக்கிள் பின்" என்ற தேர்வு இருக்கிறது. அது இயங்கினால் எல்லா டெலீட்டும் நேரடி அழிப்பு. உறுதிப்பெட்டியும் அணைந்திருந்தால் கேள்வியே இல்லாமல் போய்விடும். அழித்தவை தொட்டிக்கு வருவதே இல்லை என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் பார்ப்பவர்களுக்கு: கரண்ட் யூசர் பகுதியில், எக்ஸ்ப்ளோரருக்குக் கீழே பிட்பக்கெட், அதற்குள் வால்யூம். டிரைவுக்கு ஒரு சாவி இருக்கும். "மேக்ஸ்கெப்பாசிட்டி" எம்பி கணக்கில் அளவு. "நியூக்ஆன்டெலீட்" 1 என்று இருந்தால் நேரடி அழிப்பு, 0 என்றால் தொட்டி.

நாள் கணக்கு என்ற இரண்டாவது எல்லை

அளவை எவ்வளவு கூட்டினாலும் ஸ்டோரேஜ் சென்ஸ் இயங்கிக்கொண்டிருந்தால் அது நாள் கணக்கில் அழிக்கும். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பில் வந்த வசதி இது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், ஸ்டோரேஜ் சென்ஸ் என்று போனால் தொட்டியில் எத்தனை நாள் கிடந்ததை அழிக்கலாம் என்று கேட்கும்: 1, 14, 30, 60 நாள், அல்லது ஒருபோதும் வேண்டாம். இயல்பு 30. சி-க்கு 45 நாள் கணக்குப் போட்டு 8192 வைத்துவிட்டு இதை 30-இல் விட்டால் கணக்கு பாழ். 60 என்று மாற்றுங்கள். ஸ்டோரேஜ் சென்ஸ் சி-யை மட்டும்தான் கவனிக்கும், டி-யைத் தொடாது. டி-க்கு அளவு எல்லை ஒன்றே. அதே பக்கத்தில் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. அதை "நெவர்" என்றே வையுங்கள். வங்கி ஸ்டேட்மென்ட், ஹால் டிக்கெட் எல்லாம் பலருக்கு அங்கேதான் கிடக்கின்றன.

மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பான (இணையவழிச் சேமிப்பான) ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருப்பவை வேறு வழியில் போகும். கணினியில் இறங்கியிருந்த ஃபைலை அழித்தால் உள்ளூர்த் தொட்டியிலும் ஒன்டிரைவ் தளத்தின் தொட்டியிலும் இருக்கும். மேகத்தில் மட்டும் இருந்த, மேகப் படத்தோடு தெரிந்த ஃபைலை அழித்தால் உள்ளூர்த் தொட்டிக்கு வராது. தளத்தில் போய்த்தான் எடுக்க வேண்டும். தனிநபர் கணக்கில் அங்கே 30 நாள்.

லினக்ஸ் வைத்திருந்தால், அதன் டெஸ்க்டாப் வகைகளில் ஒன்றான கேடிஇ-யில் டிரைவின் இத்தனை சதவீதம் என்று எல்லை வைக்கலாம். நிறைந்ததும் பழையதை அழிப்பதா, பெரியதை அழிப்பதா, எச்சரிப்பதா என்றும் தேர்ந்தெடுக்கலாம். எச்சரிப்பதையே தேர்ந்தெடுங்கள். இன்னொரு வகையான க்னோமில் அளவு எல்லை கிடையாது, நாள் எல்லை மட்டும்.

வெளி டிஸ்க்கும் தொட்டியே இல்லாத இடங்களும்

யுஎஸ்பியில் செருகும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கும் தொட்டி உண்டு. ஆனால் அளவு எல்லை டிஸ்க்கில் எழுதப்படுவதில்லை, கணினியின் ரெஜிஸ்ட்ரியில்தான் இருக்கிறது. வீட்டில் நீங்கள் வைத்த அளவு, ஸ்டுடியோ கணினியில் செருகும்போது செல்லாது. அங்கே அந்தக் கணினியின் அளவு. அந்தக் கணினியில் அழித்தவை அங்குள்ள பயனரின் எண்ணில் உருவான ஃபோல்டருக்குள் போகும். வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் தொட்டியைத் திறந்தால் காட்டாது, இடம் மட்டும் பிடித்திருக்கும். 2 டிபி டிஸ்க்கில் ஃபைல்களைக் கூட்டினால் 1.6 டிபிதான் வருகிறது, ஆனால் நிறைந்துவிட்டதாகச் சொல்கிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். கீழே பழுது பார்க்கும் பகுதியில் உள்ள வழியால் தீரும். பார்ட்டிஷனை அழித்துப் புதிதாக உருவாக்கினால் விண்டோஸுக்கு அது புது டிரைவ். அளவு இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும், மறுபடி போட வேண்டும்.

பென் டிரைவ், கேமரா மெமரி கார்டு, கேபிளில் இணைத்த ஃபோன் ஆகியவற்றுக்குத் தொட்டியே இல்லை. டெலீட் என்றால் அழிந்தது. நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரும் அப்படியே. கமாண்ட் பிராம்ப்டில் டெல் கட்டளை கொடுத்தாலும் தொட்டிக்குப் போகாது. எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கப்படுவது இது: பழைய ஃபைலின் மேலேயே புதியதைச் சேமித்துவிட்டால், பழையது தொட்டியில் இருக்காது, அங்கே அழிப்பு என்ற செயலே நடக்கவில்லை. ஃபைல் பாதை 260 எழுத்தைத் தாண்டும்போதும் பெயர் மிக நீளம், தொட்டிக்கு ஏற்காது என்று சொல்லி நிரந்தரமாக அழிக்கக் கேட்கும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியத்தைப் பெயராக வைப்பவர்களுக்கு இது வரும்.

வீட்டில் சாம்பா (லினக்ஸிலிருந்து விண்டோஸ் கணினிகளுக்கு ஃபோல்டர் பகிரும் மென்பொருள்) மூலம் பகிரும் நெட்வொர்க் டிஸ்க் இருந்தால் அதன் ரீசைக்கிள் தொகுதியை இயக்கலாம். அதிலுள்ள "மேக்ஸ்சைஸ்" ஒற்றை ஃபைலுக்கான எல்லை, மொத்தத் தொட்டிக்கு இல்லை. மொத்தத்துக்கு எல்லை கிடையாது என்பதால், 30 நாளான ஃபைல்களை அழிக்கும் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) ஒன்றும் வைக்க வேண்டும். "டச் எம்டைம்" தேர்வை இயக்க மறந்தால் மூன்று ஆண்டுக்கு முந்தைய ஃபைல் ஒன்றை இன்று அழித்தாலும் அதன் பழைய தேதியைப் பார்த்து இன்றிரவே கிரான் அழித்துவிடும்.

தொட்டி பழுதானால்

வெளி டிஸ்க்கைச் சரியாகக் கழற்றாமல் உருவினால், மின்சாரம் போனால், "ரீசைக்கிள் பின் கரப்டட், காலி செய்யட்டுமா" என்ற செய்தி வரலாம். யெஸ் கொடுக்கும் முன் உள்ளே இருப்பதைப் பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்ப்ளோரர் அந்த ஃபோல்டரின் உண்மை உள்ளடக்கத்தைக் காட்டாது. 7-ஜிப் ஃபைல் மேனேஜரை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டிரைவின் $ரீசைக்கிள்.பின் ஃபோல்டருக்குள் போங்கள். எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட பெயரில் பயனருக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒவ்வொரு உருப்படிக்கும் இரண்டு ஃபைல்கள்: $ஆர் என்று தொடங்குவது அழித்த ஃபைலே, உள்ளடக்கம் மாறாமல் அப்படியே; $ஐ என்று தொடங்குவது சிறிய குறிப்பு. இரண்டிலும் அடுத்து வரும் ஆறு எழுத்து ஒன்றாக இருக்கும், நீட்டிப்பும் பழையதே. $ஐ ஃபைலில் முதல் 8 பைட் பதிப்பு எண், அடுத்த 8 அசல் அளவு, அடுத்த 8 அழித்த நேரம். விண்டோஸ் 10 முதல் அதன்பின் 4 பைட்டில் பெயரின் நீளம், பிறகு பழைய பாதை. பாதை ஆங்கிலத்தில் இருந்தால் நோட்பேடில் திறந்தும் ஒருவாறு படித்துவிடலாம். ஃபோல்டர் பெயர் தமிழில் இருந்தால் கோணல் எழுத்தாகத் தெரியலாம். யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைக் காட்டும் எடிட்டரில் திறந்தால் சரியாக வரும். $ஐ கெட்டுப்போய்த் தொட்டியில் தெரியாத ஃபைலையும் $ஆர் இருக்கும்வரை காப்பாற்றலாம். அதை வேறு டிரைவுக்குக் காப்பி செய்து பெயரை மாற்றிவிடுங்கள், திறக்கும்.

வேண்டியவற்றை எடுத்த பிறகு ஃபோல்டரையே நீக்கலாம். விண்டோஸ் அடுத்த டெலீட்டின்போது புதிதாக உருவாக்கிக்கொள்ளும். அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்டில் ஆர்டி கட்டளை, /எஸ் /க்யூ, பிறகு டி:\$ரீசைக்கிள்.பின், எல்லாம் ஆங்கில எழுத்தில். விண்டோஸ் 11-இல் ஸ்டார்ட்மேல் ரைட் கிளிக் செய்து வரும் டெர்மினல் பவர்ஷெல்லைத் திறக்கும். அங்கே டாலர் குறி மாறியின் அடையாளம் என்பதால் கட்டளை பிழை காட்டும். முதலில் சிஎம்டி என்று தட்டி என்டர் கொடுத்து, பிறகு கட்டளையைக் கொடுங்கள். இது அந்த டிரைவில் எல்லாப் பயனரின் தொட்டியையும் அழிக்கும். டிரைவ் எழுத்தை இரண்டு முறை பாருங்கள்; சி என்று போட்டுவிட்டால் வீட்டிலுள்ள அனைவரின் தொட்டியும் போய்விடும்.

எல்லை தாண்டி வெளியேறிவிட்ட ஃபைல்

எஸ்எஸ்டியில் நம்பிக்கை மிகக் குறைவு. டிரிம் வசதி இயங்கும் எஸ்எஸ்டியில், அழிந்த ஃபைலின் இடத்தை விண்டோஸ் உடனே டிஸ்க்குக்குத் தெரிவித்துவிடும். டிஸ்க் அந்த இடத்தைத் துடைத்துவிடும். மீட்பு மென்பொருள் பெயரைக் காட்டினாலும் உள்ளே வெறும் பூஜ்யம்தான் இருக்கும். பணம் கொடுத்து மென்பொருள் வாங்கும் முன் இலவச அளவில் ஒரு ஃபைலை மீட்டுத் திறந்து பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் வாய்ப்பு உண்டு, எழுதுவதை உடனே நிறுத்தினால். டி-யில் போன ஃபைலுக்கு, டி-யில் எதையும் சேமிக்காதீர்கள், வீடியோ எடிட்டர் திறந்திருந்தால் மூடுங்கள், பதிவிறக்கத்தை நிறுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி இலவசமாகக் கிடைக்கும், விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பு முதல் ஓடும். முதலில் ரெகுலர் முறையில், அழிந்த ஃபைல் இருந்த ஃபோல்டரின் பாதையைக் கொடுத்துத் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் எக்ஸ்டென்சிவ் முறை. மீட்டவற்றைச் சேர்க்கும் இடம் வேறு டிரைவாக இருக்க வேண்டும். அந்தக் கருவியே ஒரே டிரைவை ஏற்காது. 32 ஜிபி ஃபோல்டரை மீட்க அதைவிட அதிகக் காலி இடமுள்ள டிரைவ் ஒன்றை முன்கூட்டியே செருகி வையுங்கள். சிறிய சி டிரைவைக் காட்டினால் பாதியில் நிறைந்து நின்றுவிடும்.